உலோகம் உருக்குபவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகும். காரீயம் 327, துத்தநாகம் 419, அலுமினியம் 660, வெள்ளி 961, தங்கம் 1064, செம்பு 1084. பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டிய எண்கள்தான். ஆனால் இவற்றை மனப்பாடம் செய்தவருக்கெல்லாம் உருக்கத் தெரிந்துவிட்டதாக ஆகாது. நெருப்பு கண்ணுக்குத் தெரிவதால் அதனிடம் எவரும் எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும், என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத பழைய சாமானும்தான் ஆளைச் சாய்க்கின்றன. அதனால் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டையும் பற்றியே இருக்கும்.

நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, சுவாமிமலைச் சிற்பக்கூடம், கோவையில் பம்ப் உதிரிகள் வார்க்கும் சிறிய பவுண்டரி, நகைப் பட்டறை என எங்கு உருக்கினாலும் இவை பொருந்தும். வீடியோ பார்த்துவிட்டுக் கொல்லையில் உலை கட்டத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

மூசை

மூசை என்றும் குரூசிபிள் என்றும் சொல்லப்படும் இந்தப் பாத்திரத்தை நம்பித்தான் மற்ற எல்லாமே இருக்கிறது. தென்னிந்தியாவில் பழங்காலத்தில் எஃகு காய்ச்சியவர்கள் களிமண்ணோடு உமியைக் கலந்து மூசை செய்தார்கள். உமி கருகிக் கரியாகும். அதிலுள்ள சிலிக்கா மண்ணோடு சேர்ந்து வெப்பத்தைத் தாங்கும். இரும்பு எஃகாகும் வரை அந்தச் சின்ன மண்பாத்திரம் உடையாமல் நின்றது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழ்ந்தவர்கள் அப்படிப்பட்ட மூசைகளையும் உலைகளையும் கண்டெடுத்திருக்கிறார்கள். இன்று கடையில் வாங்கும் களிமண்-கிராபைட் மூசையும், மண்ணோடு கரியைச் சேர்க்கும் அதே யோசனையின் வளர்ச்சிதான்.

செய்ய வேண்டியவை:

• வாங்கும்போது மூசையைக் கையில் தூக்கி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். பட்டறையிலும் ஒவ்வொரு நாளும் உலையில் வைப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். கால் நிமிட வேலை இது.

• மூசையின் மேல் உள்ள எண், பெரும்பாலான தயாரிப்புகளில், அது ஏறக்குறைய எத்தனை கிலோ பித்தளை கொள்ளும் என்பதைக் குறிக்கும். அலுமினியம் எடை குறைந்த உலோகம் என்பதால் அதே மூசையில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் பிடிக்கும். விளிம்பு வரை நிரப்பும் அளவுக்குக் கணக்குப் போடாமல், தூக்கும்போது தளும்பாத அளவுக்குக் கணக்குப் போடுங்கள்.

• புது மூசையைக் காலியாக, மெதுவாக, முதலில் 200 டிகிரி வரை சூடாக்கிச் சிறிது நேரம் வைத்து, பிறகு சிவக்கும் வரை காய்ச்சுங்கள். கிராபைட் மூசை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் வெளியேற நேரம் கொடுக்காமல் ஒரேயடியாக நெருப்பை ஏற்றினால் முதல் நாளே வெடிப்பு விழும்.

• உலோகத்துக்கு ஒன்றாகத் தனித்தனி மூசை வைத்து, வெளிப்புறத்தில் எழுதியும் வையுங்கள். அலுமினியம் உருக்கிய மூசையில் வெண்கலம் உருக்கினால், சுவரில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் அலுமினியமே வார்ப்பைக் கெடுக்கும்.

• உலைக்குள் மூசையை உயரமான தீச்செங்கல் பீடத்தின் மேல் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் அட்டைத் துண்டு ஒன்றைப் போட்டால் அது கருகி, மூசை பீடத்தோடு ஒட்டாமல் காக்கும்.

செய்யக்கூடாதவை:

• எவர்சில்வர் டம்ளரிலோ வெட்டிய சிலிண்டரின் அடிப்பாகத்திலோ உருக்காதீர்கள். உருகிய அலுமினியம் இரும்பைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பாத்திரம் நாளுக்கு நாள் மெலிவது வெளியே தெரியாது. ஒருநாள் தூக்கும்போது அடி கழன்று விழும். பித்தளை, செம்பு உருகும் சூட்டில் இரும்புப் பாத்திரம் செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டையாகிவிடும்.

• குளிர்ந்த உலோகக் கட்டிகளை மூசைக்குள் இறுக்கித் திணிக்காதீர்கள். சூட்டில் உலோகம் விரியும் அளவுக்கு மூசை விரியாது. கட்டி உள்ளிருந்து நெட்டித் தள்ளி மூசையைப் பிளந்துவிடும். நெட்டுக்குத்தாக, தளர்வாக வையுங்கள்.

• மிச்ச உலோகத்தை மூசையிலேயே உறைய விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். காரணம் மேலே சொன்னதுதான். மீந்ததைக் காய்ந்த இங்காட் அச்சில் ஊற்றிவிட வேண்டும்.

• மூசையின் விளிம்பைக் கவ்வித் தூக்காதீர்கள். இடுக்கி அதன் வயிற்றுக்குக் கீழே அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்த மூசையின் அளவுக்கென்றே செய்த இடுக்கியாக அது இருக்க வேண்டும்.

• கசடைப் பிரிக்கும் பிளக்ஸ் பொடியைக் காலி மூசையில் முதலிலேயே கொட்டாதீர்கள். உலோகம் உருகிய பிறகு மேலே தூவினால் போதும். முதலில் போட்டால் அது மூசையின் சுவரைத்தான் தின்னும்.

ஈரம்

ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடத்தைக் கேட்கிறது. திறந்த இடத்தில் அது வெறும் ஆவி. உருகிய உலோகத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டால் அது வெடிமருந்து. மேலே உள்ள அத்தனை உலோகத்தையும் வாரி இறைத்துவிடும். வெளியே குவித்த ஸ்கிராப், கழுவிய கரண்டி, நேற்றைய பனி படிந்த அச்சு, வியர்வையில் நனைந்த கையுறை என எதிலிருந்தும் அந்தச் சொட்டு வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் அதிகம்.

சுவாமிமலையில் மெழுகுச் சிலையின் மேல் முதலில் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. பிறகு அச்சைச் சுட்டு, மெழுகை வடித்துவிட்டு, அந்தச் சூட்டோடு மண்ணில் புதைத்து உலோகத்தை ஊற்றுகிறார்கள். நாள்கணக்கில் காத்திருக்கும் இந்தப் பொறுமையைப் பார்க்கும் பலர், சிலையின் நுணுக்கத்துக்காகவே இதைச் செய்வதாக நினைப்பார்கள். நுணுக்கமும் காரணம்தான். ஆனால் சூடான அச்சில் ஈரம் தங்காது, ஊற்றுபவரின் முகம் தப்பும் என்பது அதே அளவு பெரிய காரணம்.

• உள்ளே போகும் ஒவ்வொரு துண்டையும் உலையின் வாயோரம் வைத்துச் சுட்டுவிட்டுப் போடுங்கள். முதல் துண்டு காலி மூசைக்குள் போகிறது, அதனால் ஆபத்தில்லை. உருகிய குளம் உண்டான பிறகு போடும் இரண்டாவது, மூன்றாவது துண்டுதான் வெடிக்கும்.

• கரண்டி, கசடு வழிக்கும் கம்பி, கலக்கும் தடி எல்லாவற்றையும் உருகிய உலோகத்தில் நுழைப்பதற்கு முன் காய்ச்சுங்கள். குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும்.

• இங்காட் அச்சை 150 டிகிரிக்குக் குறையாமல் சூடாக்குங்கள். துரு ஏறிய அச்சு வேண்டாம். துரு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

• சிமெண்ட் தரையின் மேல் நின்று ஊற்றாதீர்கள். காய்ந்துபோனதாகத் தோன்றும் கான்கிரீட்டுக்குள்ளும் நீர் இருக்கிறது. உலோகம் சிந்தினால் தரையே சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நாலைந்து அங்குலத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்பி அதன் மேல் வேலை செய்யுங்கள்.

• மூடிய எதையும் உலைக்குள் போடாதீர்கள். ஸ்பிரே டப்பா, ஷாக் அப்சார்பர், இரண்டு முனையும் நசுக்கிய குழாய், உள்ளே பொள்ளலான பழைய வார்ப்பு இவையெல்லாம் அறுத்துத் திறந்து பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும்.

• எரியும் உலோகத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் வாளியை உலையிலிருந்து தள்ளி வையுங்கள். உலையருகில் மணல் வாளி இருக்கட்டும்.

காயலான் கடைச் சரக்கு

தூய உலோகம் வாங்கி உருக்குபவர்கள் குறைவு. எல்லோரும் பழைய சாமானைத்தான் உருக்குகிறார்கள். அதில் தவறில்லை, என்ன வாங்கினோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பித்தளையை ஊற்றும் சூடோ பெரும்பாலும் 1000-ஐத் தாண்டிவிடுகிறது. பித்தளை மூசையின் மேல் பஞ்சு போல எழும் வெள்ளைப் புகை அப்படி ஆவியான துத்தநாகம், காற்றில் எரிந்து ஆக்சைடானதுதான். ராஜஸ்தானின் ஜாவரில் நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகம் எடுத்தார்கள். நம் பட்டறைகளில் அதே ஆவியை மனிதர்கள் மூச்சில் இழுக்கிறார்கள். சில மணி நேரம் கழித்து, சில வேளை வீட்டுக்குப் போன பிறகு, குளிர், நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். ஓரிரு நாளில் தணியும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வெல்டிங் செய்பவர்களுக்கும் இது பழக்கமான காய்ச்சல்தான். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. பாலுக்கும் நுரையீரலுக்குள் போன புகைக்கும் சம்பந்தமில்லை.

செய்ய வேண்டியவை:

• ஜிஐ பூச்சுள்ள இரும்பு எதையும் உலைக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள் என்று வேலையாட்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். உலைக்கு வளையம், மூடி, கைப்பிடி செய்பவர்கள் கையில் கிடைத்த ஜிஐ குழாயை வைத்துச் செய்துவிடுகிறார்கள்.

• பித்தளை உருக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து உலையை நோக்கிப் போகும்படி நில்லுங்கள். கூரையின் முகடு திறந்திருக்க வேண்டும். உலோகம் உருகியதும் மேலே கரித்தூளோ உடைந்த கண்ணாடித் தூளோ தூவி மூடுங்கள். புகையும் குறையும், துத்தநாகமும் மிஞ்சும்.

• எடை குறைந்த வார்ப்புகளை, குறிப்பாகப் பழைய இயந்திரக் கூடுகளை, சோதித்துப் போடுங்கள். அரத்தால் ஓரிடத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். அலுமினியமென்றால் சும்மா இருக்கும். மக்னீசியமென்றால் நுரைத்துப் பொங்கும். மக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் அதை இன்னும் ஊதிவிடும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது.

• செம்புக் கம்பியின் பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டு உருக்குங்கள். நேரம் பிடிக்கும்தான். கொளுத்தினால் பிவிசி புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் டையாக்சினும் வரும், தெருவே அதைச் சுவாசிக்கும்.

செய்யக்கூடாதவை:

• கேடிஎம் பற்றுவைத்த பழைய நகைகளை மூடிய அறைக்குள், மேசைக்கு மேல் குனிந்து உருக்காதீர்கள். அந்தப் பற்றுப்பொடியில் இருந்தது காட்மியம். 767 டிகிரியில் அது கொதிக்கும். தங்கம் உருகுவதற்கு முந்நூறு டிகிரி முன்பே புகையாகி வெளியேறும். நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும், சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். இதைத் தெரியாமலே ஊதுகுழலோடு வாழ்ந்த பொற்கொல்லர் தலைமுறை ஒன்று இருந்தது. துத்தநாகம் சார்ந்த பொடிகள் வந்துவிட்ட பிறகும் யாராவது காட்மியப் பொடியை நீட்டினால் வாங்காதீர்கள். பழைய நகை உருக்குவதற்குப் புகையை வெளியே இழுக்கும் விசிறிக் குழாய் கட்டாயம் வேண்டும்.

• தீப்பொறி பறக்காத சுத்தியல், ஸ்பேனர், சில மின்கருவிகளின் சுருள்வில் ஆகியவை செம்பு போலத் தெரியும், ஆனால் பெரிலியம் கலந்ததாக இருக்கலாம். அவற்றை உருக்கவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம். பெரிலியம் தூசு தரும் நுரையீரல் நோய்க்குத் தீர்வு இல்லை.

• காரீயத்தைச் சமையலறை அடுப்பில், சமையல் பாத்திரத்தில் உருக்காதீர்கள். மீன்பிடி வலைக்குக் குண்டு வார்ப்பவர்கள் வீட்டு முற்றத்தில் செய்வதைப் பார்க்க முடிகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை. பட்டறைச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள், கை கழுவாமல் பீடியோ டீயோ தொடாதீர்கள். பேட்டரித் தகடு உருக்குவது வீட்டு வேலையே அல்ல.

கலப்பு

செம்பும் வெள்ளீயமும்தான் வெண்கலம். நூற்றுக்குப் பத்துப் பங்கு வெள்ளீயம் என்றால் பேரிங், வால்வு வார்க்கலாம். இருபத்திரண்டு பங்கு என்றால் மணி ஒலிக்கும். முப்பத்து மூன்றை நெருங்கினால் ஆரன்முளா கண்ணாடி. முகம் பார்க்கலாம், கீழே விழுந்தால் கண்ணாடி போலவே உடையும். அளவு மாறினால் பொருளே மாறிவிடும். கண்ணளவில் போடுபவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: தராசு வாங்குங்கள்.

• உயர்ந்த சூட்டில் உருகுவதை முதலில் உருக்குங்கள். செம்பு நன்றாக உருகிய பிறகு வெள்ளீயம். துத்தநாகமென்றால் கடைசியில், சூடாக்கிய துண்டுகளாக, இடுக்கியால் பிடித்து அடியில் அமுக்கிப் போடுங்கள். மேலே மிதக்கவிட்டால் பாதி எரிந்து போகும். ஆவியாவதை ஈடுகட்டச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

• ஊற்றுவதற்குச் சற்று முன் வெண்கலத்தில் கொஞ்சம் பாஸ்பர் காப்பர் போடுங்கள். உள்ளே கரைந்த ஆக்சிஜனை அது பிடித்துக்கொள்ளும், வார்ப்பில் துளைகள் குறையும்.

• தங்கம் உருக்கும் இடத்தில் காரீயத்தைக் கொண்டுவராதீர்கள். துளியளவு ஈயம் கலந்தாலே தங்கம் தகடடிக்கும்போது விரிசல் விடும்.

• வெள்ளியைத் திறந்து வைத்து நீண்ட நேரம் காய்ச்சாதீர்கள். உருகிய வெள்ளி தன் கொள்ளளவைப் போல் இருபது மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சும். உறையும்போது அதைத் துப்பிவிடும், துளியும் தெறிக்கும். மேலே ஒரு கரித்துண்டு மிதந்தால் இது நடக்காது. சுத்தம் செய்ய வெங்காரம் கொஞ்சம் போதும்.

அலுமினியம்

இதற்குத் தனித் தலைப்பு தேவைப்படுகிறது, ஏனென்றால் இது நிறம் காட்டாத உலோகம். இரும்பும் செம்பும் சிவந்து மஞ்சளாகித் தம் சூட்டைச் சொல்லும். பகல் வெளிச்சத்தில் 700 டிகிரி அலுமினியம் குளிர்ந்த வெள்ளிக் குழம்பு போலப் பளபளவென்று கிடக்கும். மேலே ஒரு மெல்லிய சாம்பல் தோல், அவ்வளவுதான். ஆறிவிட்டதென்று நினைத்து இங்காட்டைக் கையால் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வார்த்த கட்டிகளை ஒரே இடத்தில் வைத்து, ‘சூடு’ என்று எழுதிய பலகையை அங்கே நட்டு வையுங்கள்.

சூட்டைக் கண்ணால் கணிக்க முடியாது என்பதால் தெர்மோகப்புள் வாங்கியே ஆக வேண்டும். 750-ஐத் தாண்ட விடாதீர்கள். சூடு ஏற ஏற அது ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்; உறையும்போது அந்த வாயு வெளியேற வழியில்லாமல் ஊசித் துளைகளாக நிற்கும். அடிக்கடி கிளறாதீர்கள், மேல்தோல்தான் அதற்குப் பாதுகாப்பு. ஊற்றப்போகும்போது ஒரே முறை கசடை வழித்தால் போதும். துருப்பிடித்த கம்பியால் கிளறுவது கூடவே கூடாது. துருவும் உருகிய அலுமினியமும் சேர்ந்தால் கடுஞ்சூட்டோடு எரியும் கலவை.

குளிர்பான டப்பாக்களை மூட்டை மூட்டையாக உருக்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். தகடு மெல்லியது, பெயிண்டும் ஆக்சைடும் சேர்ந்து பெரும்பகுதி கசடாகப் போகும். பழைய பிஸ்டன், எஞ்சின் மூடி போன்றவை ஏற்கெனவே வார்ப்புக்கென்று சிலிக்கான் கலந்தவை, அச்சில் நன்றாக ஓடும். ஜன்னல் சட்டம் அப்படி ஓடாது.

உலையும் ஊற்றும் வேளையும்

• கேஸ் பர்னரைப் பற்றவைக்கும்போது முதலில் எரியும் காகிதம், பிறகு கேஸ். உலையின் வாய்க்கு நேராகக் குனியாதீர்கள். வேலை நடுவில் கரண்ட் போய் புளோயர் நின்றால் முதலில் கேஸை மூடுங்கள். கரண்ட் வந்ததும் திறந்த வால்வோடு ஸ்விட்சைப் போடுவதுதான் பல பட்டறைகளின் கூரையைத் தூக்கியது.

• மழைக்குப் பயந்து கரி உலையை மூடிய அறைக்குள் மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

• உலையிலிருந்து அச்சு வரையுள்ள பாதையை முதலில் காலி மூசையைத் தூக்கி நடந்து பாருங்கள். வயர், குழாய், நாற்காலி எதுவும் கால்வழியில் இருக்கக்கூடாது. இருவர் தூக்கினால் ஒருவர்தான் உத்தரவு சொல்ல வேண்டும்.

• பருத்தி உடை, தோல் ஏப்ரன், முகக்கவசம், கயிறில்லாத தோல் பூட்ஸ், காய்ந்த தோல் கையுறை அணியுங்கள். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் சிந்தியது நேரே பாதத்துக்குப் போகும். பாலியெஸ்டர் சட்டை, லுங்கி, ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும்.

• உலையை நாள் முழுதும் வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். அகச்சிவப்புக் கதிர் ஆண்டுக்கணக்கில் படுவதால் கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்தது பழைய கதை. அதற்கென்று உள்ள கறுப்புக் கண்ணாடி கிடைக்கிறது.

சுட்டுவிட்டால்

உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மஞ்சள், இட்லி மாவு எதையும் தடவாதீர்கள். தோலில் ஒட்டிய உலோகத்தைப் பிய்க்காதீர்கள். அதன் மேலேயே தண்ணீர் ஓடட்டும். மோதிரம், கயிறு, கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், பிறகு வீங்கும். உள்ளங்கையைவிடப் பெரிய புண், முகம், கண், கை, மூட்டு என்றால் 108-ஐ அழைப்பதில் தாமதம் வேண்டாம்.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மூசை தூக்கும் பையன் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்தவன். செருப்போடு வந்து நிற்பான், வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியமிருக்காது. அடுத்த மூசை வாங்கும் முன் அவனுக்கு ஒரு ஜோடி தோல் பூட்ஸும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். அவை இல்லாத நாளில் உலையை மூட்டாதீர்கள்.